ஸ்ரீபுரத்தைத் தேடினால் பாதிதான் வந்தது: ஓப்பன் சோர்ஸுக்குக் கைகொடுப்பது எப்படி

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணணும், எந்த ப்ராஜெக்ட்ல சேரட்டும்?" ஓப்பன் சோர்ஸ் என்றால், உள்ளே இருக்கிற நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். தேடி அலைய வேண்டாம். தினமும் நீங்கள் திறக்கிற மென்பொருள் எந்த இடத்தில் படுத்துகிறதோ அங்கேயே தொடங்குங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவராக இருந்தால் வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முகவரிப் பட்டியல் போட்டோம். பாதியை நான் லேப்டாப்பில் அடித்தேன், மீதியைக் குடியாத்தத்திலிருந்து அத்தை மகன் போனில் அடித்து அனுப்பினான். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து "ஸ்ரீபுரம்" என்று தேடினால் பாதி முகவரிகளைக் காணோம், ஆனால் கண்ணால் பார்த்தால் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன! விஷயம் என்னவென்றால், ஸ்ரீயை ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம். இந்த ஶ 2005-இல்தான் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் ஒரு எண் கொடுக்கும் தரம்) சேர்ந்தது, பல எழுத்துருக்களில் இரண்டு ஸ்ரீயும் ஒரே மாதிரிதான் தெரியும், கணினிக்கோ அவை வேறு வேறு. இதை வெளிநாட்டில் இருக்கிற டெவலப்பர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு முறை இருக்கிறது. முதலில் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ஒரு காலிக் கோப்பில் அதே பிழையை மறுபடி வரவழைத்துப் பாருங்கள். அப்புறம் அந்த ப்ராஜெக்டின் பக் (பிழை) பட்டியலில் தேடுங்கள் (லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கும் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவுத் தளம் தனித்தனியாக இருக்கிறது, பல ப்ராஜெக்டுகளுக்குக் கிட்ஹப், கிட்லேப் என்ற நிரல் பகிரும் தளங்களில் இருக்கும்). ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் அதன் அடியிலேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள், இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, என்னென்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது. எளிய ஆங்கிலம் போதும். படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள், அதனால் ஸ்கிரீன்ஷாட்டோடு அந்த எழுத்துகளின் யூனிகோட் எண்களையும் கொடுங்கள். மாதிரிக் கோப்பு இணைத்தால் இரண்டு வரி போதும், சொந்தக்காரர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் போய்விடக் கூடாது.

நான் மிகவும் மதிக்கிற வேலை இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் செய்வதில்லை: மற்றவர் எழுதிய பக்கை உங்கள் கணினியில் சோதித்து "எனக்கும் வருகிறது" என்று உறுதி செய்வது. லிப்ரே ஆபிஸில் உறுதியாகாத பக்குகள் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும், வேறு ஒருவர் சரிபார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், நாலைந்து பார்த்துவிடலாம்.

மொழிபெயர்ப்பு செய்ய ஆசையா? அதற்கென்றே தளங்கள் இருக்கின்றன: ஃபயர்ஃபாக்ஸுக்குப் பொன்டூன், லிப்ரே ஆபிஸுக்கு வெப்லேட். எடுத்ததும் மாற்றத் தொடங்காமல், ஏற்கெனவே அங்கே என்ன சொல் புழங்குகிறது என்று பாருங்கள். ஒரு மெனுவில் 'கோப்பு', இன்னொன்றில் 'ஃபைல்' என்றிருந்தால் பயன்படுத்துகிறவர்தான் குழம்புவார். வரிக்கு நடுவே விழுக்காட்டுக் குறியோடு ஏதாவது வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் மென்பொருள் ஒரு பெயரையோ எண்ணையோ நிரப்பும்.

நிரல் (code) எழுதத் தெரியுமா, சரி. பங்களிப்பு விதிகள் உள்ள கோப்பை முதலில் படியுங்கள், புதியவர்களுக்கு என்று குறித்து வைத்த பக்குகளில் ஒன்றை எடுங்கள், ஃபோர்க் செய்து (உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து) தனி பிராஞ்சில் (கிளையில்) அந்த ஒன்றை மட்டும் திருத்தி புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்புங்கள். போகிற போக்கில் பத்து இடத்தைத் தொட்டால் சரிபார்க்கிறவருக்குத் தலைவலி. பல இடங்களில் அவரும் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பார்க்கிறவர்தான், அதனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள், அதுவரை அடுத்த பக்கைச் சோதித்துக்கொண்டிருங்கள்.