கார் நேவிகேஷன் மேப்பையும் சாஃப்ட்வேரையும் புதுப்பிக்கலாமா? பெங்களூர் வண்டிக்காரர்களுக்குப் படிப்படியாக

"புது மேப் வந்திருக்கு சார், போட்டுடலாமா?" என்று சர்வீஸ் சென்டரில் கேட்டவுடன் தலையாட்டிவிடாதீர்கள். அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மேப் என்பது சாலைகளின் தரவு. சாஃப்ட்வேர், அதாவது ஃபர்ம்வேர், அந்தத் தரவைப் படித்து வழி கணக்கிடும் நிரல். மேப் பழசானால் தப்பான இடத்தில் திரும்பச் சொல்லும். ஃபர்ம்வேர் பழசாக இருந்தால் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. ஆகவே ஒன்றுக்காக மற்றொன்றையும் சேர்த்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

காரோடு வந்த ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள திரைக் கருவி), எஸ்டி கார்டில் மேப் உள்ள யூனிட், கண்ணாடியில் ஒட்டும் ஜிபிஎஸ் கருவி ஆகிய மூன்றுக்கும் இந்த விளக்கம் பொருந்தும்.

படி 1: கையில் இருப்பது என்ன?

செட்டிங்ஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' அல்லது 'அபௌட்' பக்கத்தைத் திறந்து மாடல் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, மேப் பதிப்பு, காலி இடம் ஆகிய நான்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேப்பின் ஆண்டு அது வெளியான ஆண்டுதான். உள்ளே இருக்கும் சாலைத் தரவு அதற்குச் சில மாதங்கள் முன்பே திரட்டியது. அதனால் ஆண்டு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படி 2: மேப் உண்மையிலேயே பழசா?

இதற்கு வண்டியை எடுக்கவே வேண்டாம். நிறுத்திய இடத்திலேயே வழியைப் போட்டு, டெமோ ஓட்டத்தில் (வண்டி நகராமலே கருவி வழியை ஓட்டிக்காட்டும் வசதி) பாருங்கள்.

முதலில் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போடுங்கள். அந்தச் சாலையை என்.எச்.7 என்று காட்டினால் மேப் மிகப் பழசு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வந்தன. அது இப்போது என்.எச்.44. சாலையோரப் பலகை ஒரு எண்ணும் திரை வேறொரு எண்ணும் சொன்னால் பிரிவுச் சாலைகளில் தடுமாற்றம் நிச்சயம்.

அடுத்து மைசூர். 2023 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட விரைவுச்சாலை ராமநகரா, சென்னபட்டணா, மண்டியா ஊர்களுக்கு வெளியே சுற்றிப் போகிறது. டெமோ ஓட்டம் ராமநகரா ஊருக்குள் நுழைந்தால் உங்கள் மேப் அதற்கு முந்தையது. பைக்கில் நேவிகேஷன் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்தச் சாலையின் பிரதானப் பாதையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. 'மோட்டார்சைக்கிள்' என்று தேர்ந்தெடுத்த பிறகும் அதன் மேலேயே ஏற்றினால் அந்த மேப் உங்களுக்கு உதவாது.

மூன்றாவதாக, ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரும் டபுள் டெக்கர் மேம்பாலம். அதன் ஒரு பக்கம் 2024 ஜூலையில் திறந்தது. அது மேப்பில் இல்லை என்றால் மேப் அதற்கு முந்தையது.

நான்காவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: இல்லாத சாலை மேப்பில் இருக்கிறதா என்பது. ஈஜிபுரா மேம்பாலத்தின் வேலை 2017-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பாதியிலேயே நின்றது. அப்படிப்பட்ட பாலத்தின் மேல் திறப்பதற்கு முன்பே வழி போடும் மேப், திட்ட வரைபடத்தைப் பார்த்து வரைந்தது. பழைய மேப்பைவிட அது மோசம்.

கடைசியாக, தேடுபெட்டியில் 'அல்சூர்' என்றும் 'ஹலசூரு' என்றும் ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் வருகிறது என்றால் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். எந்தப் பெயரில் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இந்த நான்கு சாலைச் சோதனைகளில் இரண்டு தவறினாலே மேப்பைப் புதுப்பிக்கலாம். ஒன்றுதான் தவறியது, அதுவும் நீங்கள் போகாத வழி என்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

புதுப்பித்தாலும் தீராதவை

எலக்ட்ரானிக் சிட்டி போகும் சுமார் 10 கி.மீ. உயர்சாலையில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கீழே ஓசூர் ரோட்டில் இருப்பதாகக் கருவி காட்டும். மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் அட்ச, தீர்க்க ரேகை இரண்டுக்கும் ஒன்றே. ஜிபிஎஸ் உயரத்தில் பிழையும் அதிகம். எந்த ஏற்றத்தில் ஏறினீர்கள் என்பதை வைத்துத்தான் நிரல் ஊகிக்கிறது. அதே போல மெட்ரோ பாலத்துக்கு அடியிலும், எம்.ஜி. ரோட்டுக் கட்டடங்களுக்கு இடையிலும் அம்புக்குறி துள்ளினால் காரணம் எதிரொலித்து வரும் சிக்னல். புது மேப் இவற்றைச் சரிசெய்யாது.

ஜே.சி. ரோட்டில் பொருத்திய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் ஜிபிஎஸ் ஆன்டெனா எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்துக்கு அடியில் போட்டு மூடியிருந்தால் அதை வெளியே எடுத்து, காந்தப் பக்கம் கீழேயும் மறுபக்கம் வானத்தைப் பார்த்தும் இருக்கும்படி கண்ணாடியோரம் வையுங்கள். உலோகப் படலம் கலந்த சன் ஃபிலிமும் சிக்னலைத் தடுக்கும். செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்துவிட்டுப் பிறகு அப்டேட்டைப் பற்றி யோசியுங்கள்.

படி 3: சாஃப்ட்வேர் எப்போது தேவை?

மூன்று காரணங்கள்தான். வாங்கப்போகும் மேப் குறைந்தபட்சம் இந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்கிறது. உங்களுக்கு இருக்கும் குறையைப் பெயர் சொல்லித் தீர்த்திருப்பதாக வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. அல்லது கருவி காட்டும் தேதி பின்னோக்கி ஓடிவிட்டது.

தேதி விஷயம் முக்கியம். ஜிபிஎஸ் தன் வார எண்ணை 10 பிட்டில் அனுப்புகிறது. 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில். பல ஃபர்ம்வேர்கள் தமக்கென ஒரு தொடக்க நாள் வைத்துக்கொள்வதால், இடையில் எந்த நாளிலும் உங்கள் கருவி தடுக்கி விழலாம். தேதி சுமார் 19 ஆண்டு 7 மாதம் பின்னால் இருந்தால் இதுதான் நோய். இடம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். நேரமும் போய்ச்சேரும் கணக்கும் குழம்பும். கைமுறையாகத் தேதியை மாற்றினால் நிற்காது. ஃபர்ம்வேர் ஒன்றே மருந்து.

'அப்டேட் போட்டால் நாவிக் (ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் சொந்த செயற்கைக்கோள் அமைப்பு) வரும்' என்று யாராவது சொன்னால், ரிசீவர் சிப் அதை ஆதரிக்கிறதா என்று கேளுங்கள். சிப் ஆதரிக்காவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் கொண்டுவர முடியாது.

படி 4: கார்டு (அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்)

மேப் கார்டைக் கணினியில் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கலாம். கேன்சல் அழுத்துங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கார்டை ஒருபோதும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

எஸ்.பி. ரோட்டில் பெரிய கார்டு வாங்கி, ஃபைல்களை நகலெடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. பல யூனிட்களில் அது நடக்காது. ஒவ்வொரு எஸ்டி கார்டிலும் தொழிற்சாலையில் பதித்த அடையாள எண் ஒன்று உண்டு. மேப் உரிமம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஃபைல் அத்தனையும் சரியாக நகலானாலும் 'சரியான கார்டைச் செருகவும்' என்றுதான் திரையில் வரும். பழைய கார்டு பழுதாகிவிட்டால் புதிய உரிமத்தோடு கார்டு வாங்குவதுதான் வழி.

காப்புப் பிரதிக்கு ஃபைல்களை இழுத்துப் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மறைந்திருக்கும் ஃபைல்கள் விட்டுப்போகும். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற மென்பொருளில் கார்டு முழுவதையும் ஒரே இமேஜாக (அச்சு அசலான ஒற்றை ஃபைலாக) எடுங்கள். இதில் ஒரு ஆபத்து: 'ரீட்' அழுத்த வேண்டிய இடத்தில் 'ரைட்' அழுத்தினால் கார்டின் மேல் எழுதிவிடும். அதனால் கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அப்போது எழுத விடாது. இமேஜ் எடுத்தபின் பூட்டை மறக்காமல் திறங்கள். 'எழுத முடியவில்லை' என்று அப்டேட் நின்றால் முதல் சந்தேகம் இந்தப் பூட்டின் மேல்தான் வர வேண்டும்.

படி 5: ஏற்றுவது

பென்டிரைவ் 32 ஜிபிக்கு மிகாமல், ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 'ஃபைல் பெரிதாக உள்ளது' என்று வந்தால் டிரைவில் இடம் இல்லை என்று அர்த்தம் அல்ல. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்குமா என்று யூனிட்டின் கையேட்டில் பாருங்கள், அல்லது தென்னிந்திய மேப் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஜிப்பும் பிரித்த ஃபைல்களும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதால், கணினியில் மேப் அளவைப்போல் இரண்டு மடங்கு காலி இடம் வேண்டும்.

ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகும். வெளி ஃபோல்டரோடு நகலெடுத்தால் 'அப்டேட் எதுவும் இல்லை' என்று யூனிட் சொல்லும். உள்ளே இருப்பவை டிரைவின் முதல் மட்டத்தில் இருக்க வேண்டும்.

வரிசை: முதலில் ஃபர்ம்வேர், ஒருமுறை அணைத்துப் போட்டபின் மேப்.

எஞ்சின் ஓடட்டும், ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்துவிடுங்கள். இடையில் மின்சாரம் அறுந்தால் யூனிட் திரும்ப எழாமலே போகலாம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இதைச் செய்யாதீர்கள்: புகை தேங்கும், உயிருக்கு ஆபத்து. திறந்தவெளியில் நிறுத்துங்கள்.

பிறகு சேர்த்தவை

அப்டேட் முடிந்தபின் ஜிபிஎஸ்ஸே பிடிக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நினைவகம் அழிந்ததால் கருவி செயற்கைக்கோள் பட்டியலைப் புதிதாகத் திரட்டுகிறது. முழுப் பட்டியலும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். வானம் தெரியும் இடத்தில் 15 நிமிடம் வண்டியை அசைக்காமல் வையுங்கள்.

போனின் மேப்பையே கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே உள்ள யூனிட்டுக்கு மேப் வாங்கலாமா? என் கருத்து: நகரத்துக்குள் ஓட்டுவதற்காக வாங்க வேண்டாம். மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம் காடு போன்ற வழிகளில் சிக்னல் விட்டுவிடும் என்பதால், புறப்படும் முன் போனில் ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்மேண்ட் என்ற ஆஃப்லைன் மேப் செயலியில் கர்நாடகாவையும் தமிழ்நாட்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால் எல்லைச் சோதனைச்சாவடியோடு வழி நின்றுவிடும்.