தரகர் இல்லாத விற்பனையும் ஒரு மலையாளப் பத்திரமும்

மார்த்தாண்டம் அருகே உள்ள எங்கள் வீட்டை விற்க முனைந்தபோது தரகர் இரண்டு சதவீதம் கேட்டதால், நானே விற்பது என்று முடிவு செய்தேன். வாசலில் பலகை வைத்த இரண்டாம் வாரமே ஆள் வந்துவிட்டார். சிக்கல் பத்திரத்தில் இருந்தது. எங்கள் வீடு உள்ள விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்தது என்பதால், தாத்தா வாங்கிய மூலப்பத்திரம் மலையாளத்தில், ‘1124 இடவம்’ என்று மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுத் தேதியுடன் இருந்தது. வாங்குபவருக்குக் கடன் தரவிருந்த வங்கியின் வழக்கறிஞருக்கு அது புரியாததால் கடன் நின்றுபோனது. (தரகர் இருந்திருந்தாலும் இதில் கை விரித்திருப்பார் என்பதே என் எண்ணம்.)

குழித்துறையில் பழைய மலையாள எழுத்தைப் படித்துப் பழகிய ஆவண எழுத்தர் ஒருவரிடம் வரிக்கு வரி தமிழாக்கம் செய்வித்து, அந்தத் தேதி 1949 மே–ஜூன் காலத்தைக் குறிப்பது என்று ஓரத்தில் எழுதச் செய்து, நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றேன். அப்பா எனக்கு செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிய பிறகும் அவர் பெயரிலேயே கிடந்த பட்டாவை மாற்றி, வில்லங்கச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்ததும் வழக்கறிஞர் மறுப்பின்றி ஒப்புதல் அளித்தார். 7 சதவீத முத்திரைத்தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும், வழக்கப்படி, வாங்கியவரே செலுத்தினார்.