புயல் கரை கடந்த பிறகுதான் நமக்கு மழை
புயல் கரையைக் கடந்ததும் நிம்மதியாக டிவியை அணைத்துவிடாதீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. உள்மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது அதற்குப் பிறகுதான். வலுவிழந்த புயல் மெதுவாக நகர்ந்தால் காற்று அடங்கும், மழை அடங்காது.

ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்தோடும் கோடிப் பாதையில் வண்டி நிறுத்தியிருந்தால் இருட்டுவதற்குள் மேட்டில் ஏற்றிவிடுங்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்ன கார் இழுபடும். வண்டி மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகுதா' என்று சாவியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது; பலர் இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆள் சிக்கியிருந்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐக் கூப்பிடுங்கள்.