கஞ்சா எண்ணெய் மருந்தாகுமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு அடங்கவில்லை, அல்லது அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், நீங்கள் ஆரையம்பதியில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும் கொஞ்ச நாளில் ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிவிடுவார். கஞ்சா எண்ணெய் நாலு துளி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதில் ஒருவர் பேசுவார். அனுப்புகிறவர் அக்கறையில்தான் அனுப்புகிறார். அதில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கேளுங்கள், செடியில் உள்ள எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்? கஞ்சாவில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் மருத்துவத்தில் அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று டி.எச்.சி. போதை ஏற்றுவது இதுதான், 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலமும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மற்றது சி.பி.டி, இது போதை தராது. இரண்டும் உடம்பில் செய்யும் வேலை வேறு, பக்கவிளைவும் வேறு. வீடியோவில் பேசுகிறவர் வெறுமனே 'கஞ்சா' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

அடுத்தது, எந்த வருத்தத்துக்கு? சி.பி.டிக்கு உறுதியான ஆதாரம் இருப்பது சில கடுமையான வலிப்பு நோய்களில். சி.பி.டியால் செய்த எபிடியோலெக்ஸ் என்ற பாணி மருந்தை, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ 2018இல் டிராவே, லெனாக்ஸ் காஸ்டோ என்ற இரண்டு வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது, 2020இல் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற பரம்பரை நோயில் வரும் வலிப்பையும் சேர்த்தது. டிராவே பிள்ளைகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், மாதத்துக்கு 12 தடவைக்கு மேல் வந்த வலிப்பு நடுமதிப்பில் 6க்குக் கிட்டக் குறைந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்றுப் பாணி குடித்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இது பெரிய விஷயம். ஆனால் வலிப்பு முழுதாக நின்றது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான், மற்ற வலிப்பு மருந்துகளையும் அவர்கள் நிறுத்தவில்லை, இதைக் கூடுதலாகத்தான் எடுத்தார்கள்.

ஆய்வுகூடத்தில் செய்த டி.எச்.சியான டிரோனபினோல், அதைப் போன்ற நபிலோன் என்ற குளிசைகள், கீமோவில் வரும் வாந்தி வழக்கமான மருந்துக்கு அடங்காதபோது வெளிநாடுகளில் கொடுக்கப்படுகின்றன. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகுவதற்கு, டி.எச்.சியும் சி.பி.டியும் கிட்டத்தட்டச் சம அளவில் கலந்த சேட்டிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரே இருக்கிறது. நாட்பட்ட வலிக்குச் சிலருக்கு ஓரளவு உதவும். கண் அழுத்தத்தைக் குறைப்பதும் உண்மை, ஆனால் மூன்று நான்கு மணித்தியாலம்தான், அதைவிடக் கண் வைத்தியர் தரும் சொட்டு மருந்து எவ்வளவோ நல்லது.

புற்றுநோயையே மாற்றும் என்பதற்கு மனிதரில் நிரூபணம் கிடையாது. ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் இருந்த செல்கள் செத்ததை வைத்துத்தான் அந்தப் பேச்சு ஓடுகிறது. சீனி வருத்தத்துக்கும் இதை நம்பிக் குளிசையை விட்டுவிடாதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வைத்தியர் வலிக்கு மோர்பின் எழுதிக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே வீட்டு ஆட்கள் கஞ்சா எண்ணெய் தேடி அலைவதைக் காண்கிறேன், நோயாளி அந்தக் கிழமை முழுக்க வலியில் துடிக்கிறார். சொன்ன அளவில் கொடுக்கும் மோர்பின் புற்றுநோய் வலிக்கு நன்றாகச் சோதித்த மருந்து, அதை முதலில் கொடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இங்கேதான். எபிடியோலெக்ஸை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு கிழமை கழித்து 10க்கு ஏற்றுவார்கள். 20 கிலோ பிள்ளைக்கு அது நாளைக்கு 200 மில்லிகிராம். இணையத்தில் விற்கும் சின்னப் போத்தலில் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், இந்தக் கணக்கில் இரண்டரை நாளில் முடிந்துவிடும். நாலு துளி என்பது எதற்கும் காணாது. அதிலும் லேபிளை நம்ப முடியாது, இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி பொருட்களை அமெரிக்காவில் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள், 26இல் மட்டும்தான் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது, 18இல் டி.எச்.சியும் கலந்திருந்தது. ஊரில் யாரோ காய்ச்சிய எண்ணெய்க்கு லேபிளே இல்லை, அதில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி. வளரும் மூளைக்கு அது கூடாது.

இதைவிட முக்கியம், ஏற்கெனவே எடுக்கும் மருந்து. சி.பி.டி கல்லீரலில் மற்ற மருந்துகள் உடையும் வழியைத் தடுக்கும். குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு அதன் வீரியம் இரத்தத்தில் ஏறி, எழுப்ப முடியாத தூக்கம் வரலாம். சோடியம் வல்ப்ரோவேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம், அதனால்தான் தொடங்கும் முன்பும் பிறகு ஒன்று, மூன்று, ஆறாம் மாதங்களிலும் இரத்தம் சோதிக்கிறார்கள். இருதயத்துக்கு, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவு ஏற்படலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சி.பி.டி, டி.எச்.சி இரண்டையுமே தொடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், முக்கியமாக இளம் பிள்ளைகள், டி.எச்.சி பக்கமே போகக் கூடாது.

நாட்டு மருந்தில் கஞ்சா இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் அதைச் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு அளந்து சேர்ப்பார்கள், பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியருக்கு அனுமதியோடு அதைப் பெற இலங்கைச் சட்டத்தில் வழியும் உண்டு. நீங்களோ நானோ வைத்திருந்தால் அது குற்றம், மருந்துக்கென்று சொன்னாலும் பொலிஸ் கேட்காது. பெட்டிக்கடையில் மதன மோதகம் என்று விற்கும் உருண்டையை அந்த வைத்தியத்தோடு சேர்த்து எண்ண வேண்டாம், உள்ளே என்ன, எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது.

அப்போ என்ன செய்வது? வீடியோவை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், நோயாளி எடுக்கும் எல்லாக் குளிசையும் எண்ணெயும் கசாயமும் எழுதுங்கள், வலிப்பு என்றால் எந்த நாள், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றும் குறியுங்கள். அடுத்த கிளினிக் நாளில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ, எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கொண்டுபோய், "டொக்டர், இவருக்கு உள்ள வருத்தத்தின் சரியான பெயர் என்ன, சி.பி.டி இதற்குச் சோதிக்கப்பட்டதா, இன்னும் பார்க்காத வேறு மருந்து இருக்கிறதா" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஏசுவார் என்று மறைத்தால் அவர் எழுதும் அடுத்த மருந்து தப்பாகப் போய்விடலாம். என்ன ஆனாலும் வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தாதீர்கள், நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சின்னப் பிள்ளை அப்படியான எண்ணெயையோ உருண்டையையோ எடுத்துச் சாப்பிட்டுவிட்டால், என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். வாயால் போனது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம், முதலில் நன்றாக ஓடி விளையாடும் பிள்ளை பிறகு துவண்டு மூச்சு மந்தமாகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 1990க்கு அழையுங்கள் அல்லது கிட்டிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள், என்ன சாப்பிட்டது என்பதை உள்ளபடி சொல்லி மிச்சத்தையும் கையில் கொடுங்கள்.