சதுரங்க இறுதியாட்டத்தில் ஸ்டொக்ஃபிஷ் தடுமாறினால்

எட்டுக் காய் மிஞ்சிய நிலை. வெள்ளையிடம் வெள்ளைக்கட்டப் பிஷப்பும் எச் வரிசைக் காலாளும். மற்றக் காய்கள் வெட்டுப்பட்டுக் கறுப்பு ராஜா எச்8 கறுப்பு மூலையில் ஒதுங்கினால், வெள்ளைக்கட்டப் பிஷப்பால் அந்த மூலையைத் தாக்க முடியாது; ஆட்டம் சமநிலைதான். ஆனால் நகர்வுகளைக் கணிக்கும் சதுரங்க என்ஜினான ஸ்டொக்ஃபிஷ் அரை மணித்தியாலம் ஓடியும் வெள்ளைக்குப் பெரிய சாதகமே காட்டியது.

முதல் பிழை ஹாஷ், அதாவது ஆராய்ந்த நிலைகளை என்ஜின் சேமித்து வைக்கும் நினைவகம். 8 ஜிபி ராமில் 6000 எம்பி கொடுத்திருந்தேன். விண்டோஸ் டிஸ்க்குக்கு மாற்றி எழுதத் தொடங்க வேகம் விழுந்தது. 2048 ஆக்கினேன். நாலு கோர் லப்டொப்பில் திரெட்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்கள்) 4 போதும். யாழ்ப்பாணத்து மத்தியான வெக்கையில் சிப் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும்; அடிப்பக்கத்தை உயர்த்தி வைத்து, இரவில் ஓட்டுங்கள். மல்டிபிவி (காட்ட வேண்டிய சிறந்த வரிகளின் எண்ணிக்கை) 1. மூன்று வரி கேட்டால் ஆழம் குறையும்.

உண்மையான தீர்வு சிசிஜி, அதாவது சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவை முன்பே கணித்து வைத்த கோப்புகள். 3–5 காய்க் கோப்புகள் 290, ஏறக்குறைய 1 ஜிபி. யூஎஸ்பி ஹாட் டிஸ்க்கில் வேண்டாம். தேடலின் நடுவே ஓயாமல் வாசிப்பதால் எஸ்எஸ்டிதான் சரி. ஆர்டிபிடபிள்யூ, ஆர்டிபிஇசட் இரண்டு வகைக் கோப்புகளும் வேண்டும். என்ஜின் அமைப்புகளில் சிசிஜிபாத்தில் அந்த ஃபோல்டரைக் கொடுத்து, டிபிஹிட்ஸ் (கோப்புகளில் விடை கிடைத்த தடவைகள்) எண் ஏறுகிறதா பாருங்கள். பூச்சியத்திலேயே நின்றால் பாதை பிழை. ஆறு காய்க்கு 150 ஜிபி அளவு வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு அவசியமில்லை.