கதைக்கான நோட்டு: எதை எழுதுவது, எப்படித் திரும்பப் படிப்பது

விலையுயர்ந்த தோல் அட்டை டைரி வேண்டாம். அதில் கிறுக்கக் கை வராது. கைப்பையில் அடங்கும் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். கதை உருவாவது அங்கேதான்.

வலப்பக்கத்தில் தேதி, இடம், கண்டது, கேட்டது. ஒரு பதிவுக்கு நான்கைந்து வரி. உணர்ச்சியின் பெயரை எழுதாதீர்கள். “பஸ்ஸில் சோகமாக ஒரு பெரியவர்” என்ற குறிப்பு இரண்டு வாரம் கழித்து எதையும் நினைவூட்டாது. “டவுன் பஸ். பெரியவர் மடியில் புதுக் குக்கர் பெட்டி. சில்லறை எடுக்கும்போதும் ஒரு கை பெட்டி மேலேயே. ‘கீழ வைங்க பெரியவரே’ன்னு கண்டக்டர் சொல்லியும் வைக்கல” என்று எழுதினால் ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பார். காதில் விழும் பேச்சை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். தாமதித்தால் வட்டார வழக்கு கரைந்து, எல்லாப் பாத்திரமும் நம்மைப் போலவே பேசத் தொடங்கிவிடும்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். பலருடைய நோட்டு தூங்கிப்போவது இங்கேதான். செல்போனில் குறிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். உறுத்துகிற ஒரு பதிவை எடுத்து, எதிரே இடப்பக்கத்தில் கேள்வி எழுதுங்கள். குக்கர் யாருக்கு? ஏன் கீழே வைக்கவில்லை? ஒவ்வொன்றுக்கும் நான்கு விடையாவது வேண்டும். “மகளுக்குச் சீர்” என்ற முதல் விடை யாருக்கும் தோன்றக்கூடியது, அடித்துவிடுங்கள். மூன்றாவதோ நான்காவதோ, “மகள் வீட்டில் வாங்க மறுத்த சீர்” என்று வரும். வீட்டில் காத்திருக்கும் மனைவியிடம் அவர் என்ன சொல்வார்? சிக்கல் பிறந்துவிட்டது. அந்தக் காட்சியை மட்டும், அவர் கதவைத் தட்டும் இடத்திலிருந்து, ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முன்கதையும் முடிவும் இப்போது வேண்டாம்.

பாதியில் நின்றுவிட்டால் கருவைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலும் அதற்கு இன்னொரு பதிவின் துணை தேவைப்படும். பழைய பக்கங்களைப் புரட்டி, தொடர்பே இல்லாத ஒன்றை அதனுடன் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் 1895 ஜனவரியில் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஒரு பேய்க்கதைக் கரு, 1898-இல்தான் குறுநாவலாக வெளிவந்தது. ஆகவே தீர்ந்த நோட்டை எடைக்குப் போடாமல், அட்டையில் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

தெரிந்தவர்களைப் பற்றிய பதிவைக் கதைக்கு எடுக்கும்போது பெயரோடு தொழிலையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். தொழில் மாறினால் அவர் பேச்சும் கவலையும் மாறும். நடந்ததை நடந்தபடியே ஒப்பிக்கும் பழக்கமும் விட்டுப்போகும்.