சிட் போட்டுவிட்டு அழாதீர்கள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சிப் பதிப்புக்கு ‘சிட்’ என்று பெயர். ஒரு கார்ட்டூன் படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடும் பையனின் பெயர் அது. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் புதுசு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தினமும் வேலை பார்க்கும் லேப்டாப்பில் போடுகிறவர்கள் குறையவில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, அப்கிரேட் கேட்கும் கேள்விக்குப் படிக்காமல் ‘ஒய்’ (ஆம்) தட்டுவது. ‘ஃபுல்-அப்கிரேட்’ கட்டளை கொடுத்தால் எதை நிறுவும், எதை நீக்கும் என்று திரையில் பட்டியல் வரும். லைப்ரரிகள் (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோட் தொகுப்புகள்) பாதி மாறி பாதி மாறாமல் நிற்கும் சமயத்தில் அந்த நீக்கும் பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப்பே இருக்கலாம். 2024 தொடக்கத்தில், 2038-இல் வரவிருக்கும் நேரக் கணக்குச் சிக்கலைச் சரிசெய்ய ஏராளமான லைப்ரரிகளை மாற்றியபோது சிட்டில் பல வாரங்கள் இதே கதைதான். பட்டியல் நீளமாக இருந்தால் ‘என்’ (வேண்டாம்) தட்டிவிட்டு நாலு நாள் கழித்து வாருங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அடுத்தது, ‘கெட்டுப்போனால் பழைய கெர்னலில் பூட் செய்துகொள்ளலாம்’ என்ற தைரியம். (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி.) பூட் ஆகாவிட்டால் அது சரி. டேட்டா போனால்? 2021 மார்ச்சில் லினக்ஸ் 5.12-இன் முதல் சோதனைப் பதிப்பில் ஒரு பிழை: ஸ்வாப்பை (மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) தனிப் பார்டிஷனாக வைக்காமல் ஃபைலாக வைத்திருந்தால், கெர்னல் அந்த ஃபைலுக்குள் எழுத வேண்டியதை டிஸ்க்கில் வேறெங்கோ எழுதி, அங்கே இருந்ததை அழித்துவிடும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரிலேயே ‘டோன்ட்யூஸ்’ (பயன்படுத்தாதே) என்று சேர்த்தார். இப்படி நடந்தால் பழைய கெர்னல் என்ன செய்யும்? அதே டிஸ்க்கில் இருக்கும் பேக்கப்பும் கூடவே போய்விடலாம்.

புதிய பதிப்பு என்றால் பாதுகாப்பும் அதிகம் என்று நம்புவதும் தப்பு. 2024-இல் ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டம் போட்டு நுழைத்த பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) சிட்டுக்கும், அடுத்த வெளியீடாகத் தயாராகும் டெஸ்டிங்குக்கும் வந்தது, எல்லோருக்குமான நிலையான பதிப்பான டெபியன் ஸ்டேபிளைத் தொடவில்லை. அதைக் கண்டுபிடித்தவரும் சிட் ஓட்டியவர்தான்: எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற புரோகிராமர் தோண்டப்போய் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அதனால் சோதனைப் பதிப்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விர்ச்சுவல் மெஷினிலோ (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) சும்மா கிடக்கும் பழைய கணினியிலோ ஓட்டுங்கள், பிழை கண்டால் ரிப்போர்ட் செய்யுங்கள். ரிப்போர்ட் செய்யாமல் புலம்பினால் யாருக்கு லாபம்?

அப்புறம், ஸ்டேபிளில் சிட்டின் பேக்கேஜ் ஒன்றிரண்டை மட்டும் கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

போனிலும் இதே கதைதான். ஐஓஎஸ் பீட்டாவுக்குப் போன பிறகு எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ்ஸில் திரும்ப ஏற்ற முடியாது. பீட்டா போடுவதற்கு முன்பே கணினியில் ஒரு பேக்கப் எடுத்து, அடுத்த பேக்கப் அதன்மேல் எழுதாதபடி ஆர்கைவ் செய்து வையுங்கள்.